அனகொண்டா எங்கள் ஊர்ப் பாம்பு



ஹாலிஎலப் பக்கமிருந்து ஒரு தாய் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்து பாம்புப் படம், முதலைப் படம் என்று பார்க்கிறார்கள். பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஒரு அர்த்தமும் இல்லாத படங்கள். நீங்கள் இதைக் கண்டித்து எழுத வேண்டும்" என்று கேட்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கண்டித்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூடவே உட்கார்ந்து சிரிக்கும் பெரியவர்களில் நானும் ஒருத்தி.

எந்தப் படங்களைச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் ஏரி, ஏரியில் ஒரு முதலை, முதலை பஸ் அளவு. அல்லது ஒரு காடு, காட்டில் பாம்பு, பாம்பு நம் லயத்து நீளம். வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு ஓடுவார்கள். வாய் ஒரு மாதிரி அசையும், தமிழ் வேறு மாதிரி கேட்கும். பாம்பு வெயிலில் வரும், அதன் நிழல் தரையில் விழாது. தண்ணீருக்குள் இறங்கும், தண்ணீர் அசையாது. இவற்றில் பல தியேட்டருக்காக எடுக்கப்பட்டவையே அல்ல. அமெரிக்காவில் சைஃபை என்றொரு சேனல், சனிக்கிழமை இரவுகளில் போடுவதற்கென்றே சிறு செலவில் அவசர அவசரமாக எடுக்க வைத்த படங்கள் அவை. பிறகு மொழி மாற்றி, நாடு நாடாகச் சுற்றி, கடைசியில் பதுளை மாவட்டத்தில் ஒரு லயத்து இஸ்தோப்பில் வந்து விழுகின்றன.

எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது தீபாவளிக்கு டெக் எடுத்த காலத்தில். அப்போது எங்கள் லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வீடு சல்லி சேர்த்து, பசறை டவுனிலிருந்து டி.வி.யும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். முதலில் சாமி படம். அது ஓடும்போது கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அடுத்தது ரஜினி. நடுச்சாமத்துக்குப் பிறகு மாயாஜாலப் படம். தெலுங்கில் பி. விட்டலாச்சார்யா என்றொரு டைரக்டர் இருந்தார். 1978இல் வந்த "ஜகன்மோகினி" அவர் எடுத்ததுதான். அவருடைய பேய்ப் படம் ஒன்றில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும். பயந்து போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நமக்கும் இப்புடி ஒரு காலு இருந்தா மலையில இருந்து வெறகு தூக்க வேண்டியதில்லையே!" லயமே சிரித்தது. பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு, வரும் வழியில் விறகுக் கட்டும் தலையில் சுமப்பவளுக்குத்தான் அந்தப் பேயின் வசதி புரியும்.

2000ஆம் ஆண்டளவில் ஒரு தீபாவளிக்கு "அனகொண்டா" கசெட் வந்தது. 1997இல் எடுத்த படம். அமேசன் ஆற்றில் படகில் போகிறவர்களை ஒரு பெரிய பாம்பு ஒவ்வொருவராகப் பிடித்து விழுங்கும் கதை. இது தியேட்டருக்கான, செலவு பிடித்த படம்தான். நல்ல கட்டம் வரும்போது எங்கள் ஜெனரேட்டரில் பெற்றோல் தீர்ந்துவிட்டது. பாம்பு வாயைப் பிளந்தபடியே டி.வி. ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. யாரும் எழுந்து போகவில்லை. இருட்டில் ஒரு அம்மாயி, வாழ்நாளில் இங்கிலீஸ் படம் பார்த்திராதவர், மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "பாம்பு அந்தக் கெட்டவன முழுங்கிருச்சு. முழுங்கிட்டு, இவன் நமக்கு ஒத்துவர மாட்டான்னு கக்கிருச்சு." அப்படியே நம்பிக்கொண்டு போய்ப் படுத்தோம். பல வருடங்கள் கழித்து முழுப் படத்தையும் டி.வி.யில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாம்பு உண்மையிலேயே அந்தக் கெட்டவனை விழுங்கிவிட்டுக் கக்குகிறது! கக்கப்பட்டவன் கதாநாயகியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு விழுகிறான். அதே படத்தில், படகு பின்னால் போகிற மாதிரிக் காட்ட, எடுத்த படத்தைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் நீர்வீழ்ச்சி கீழிருந்து மேலே பாய்கிறது. துன்ஹிந்தவின் 64 மீற்றர் தண்ணீரும் மேலே ஏறிப் போவதாக நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காட்சி வந்தால் அடுப்படியில் இருப்பவர்களைக்கூடக் கூப்பிடுவோம்.

இன்னொரு விசயமும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அனகொண்டா என்ற பெயர் அமேசனிலிருந்து வந்ததல்ல. நம் நாட்டிலிருந்து போனது. 1693இல் ஜோன் ரே என்ற இங்கிலாந்துக்காரர் எழுதிய விலங்கு நூலில், இலங்கையர் "அனகண்டையா" என்று சொல்லும் பாம்பு எருமைகளின் உறுப்புகளை நொறுக்கிவிடும் என்று குறித்திருக்கிறார். அந்தச் சொல் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, தமிழில் "ஆனை கொன்றான்" என்பதுதான் அப்படித் திரிந்தது என்கிறது. மற்றக் கட்சி, சிங்களத்தில் "ஹெனகந்தயா" என்று ஒரு மெல்லிய கொடிப்பாம்புக்குப் பெயர், அதுதான் தவறுதலாகப் பெரிய பாம்புக்கு ஒட்டிக்கொண்டது என்கிறது. எது சரியானாலும் பெயர் நம்முடையது.

கதையும் நம்முடையதுதான். 1768இல் ஸ்கொட்லாந்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கையில் வாழ்ந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆர். எட்வின் என்பவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. மரத்தில் கிடந்த ராட்சத அனகொண்டா ஒரு புலியைச் சுற்றி, எலும்பை நொறுக்கிக் கொன்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் எழுதினார். ஊர் மக்கள் அந்தப் பாம்பைப் பிடித்தால் இறைச்சியைத் தின்னலாம் என்று பேசிக்கொண்டார்களாம். சகோதரிகளே, இலங்கையில் ஏது புலி? நம் காட்டில் உள்ளது சிறுத்தை. அவர் சொன்ன வரிப்புலி அந்தக் காலத்தில் இந்த நாட்டுக் காட்டில் இருக்கவில்லை. நம்மிடம் உள்ள பெரிய பாம்பு மலைப்பாம்பு. விசமில்லாதது. முயலையோ மான்குட்டியையோ பிடித்து வாழ்வது. ஆக, இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் செலவில்லாமல் ஒரு ராட்சதப் பாம்புப் படம் எடுத்திருக்கிறார், அதுவும் நம் ஊரை வைத்து! பிறகு அந்தப் பெயர் கப்பலேறித் தென் அமெரிக்கப் பாம்புக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்து, தமிழ் பேசிக்கொண்டு பசறைக்குத் திரும்பிவிட்டது.

இரண்டாவது அனகொண்டா படம் 2004இல் வந்தது. கதை போர்னியோத் தீவில் நடக்கிறது. அங்கே அனகொண்டாவே கிடையாது. அதனால் யாருக்கும் குறைவில்லை. மூன்றாவதும் நான்காவதும் 2008, 2009இல் டி.வி.க்காகவே எடுக்கப்பட்டவை. ருமேனியாவில் எடுத்தார்கள். முதல் படத்தில் பாதிப் பாம்பாவது தொட்டுப் பார்க்கக்கூடிய பொம்மை. இவற்றில் பாம்பு கொம்பியூட்டருக்குள் மட்டுமே இருக்கிறது. மனிதனைக் கடிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால் அவைதான் பார்க்க நல்லவை. முதல் படத்தில் இரண்டு இடத்திலாவது பயந்தேன். இவற்றில் ஓரிடத்திலும் பயப்படவில்லை. ரொட்டி தட்டிக்கொண்டே பார்க்கலாம்.

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் ராசா என்றால் "ஷார்க்நேடோ"தான். 2013 ஜூலை 11ஆம் திகதி அந்தச் சேனலில் போட்டார்கள். கடலில் சூறாவளி கிளம்பிச் சுறாக்களைத் தூக்கி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் கொட்டுகிறது. கதாநாயகன் மரம் அறுக்கிற மெசினைக் கையில் பிடித்துக்கொண்டு, பறந்து வரும் சுறாவின் வாய்க்குள் பாய்ந்து, வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறான். வரும்போது முன்பே விழுங்கப்பட்ட ஒரு பெண்ணையும் உயிரோடு இழுத்துக்கொண்டு வருகிறான். சூறாவளிக்குள் குண்டு போட்டு அதை நிறுத்துகிறார்கள். ஏறத்தாழ 20 இலட்சம் டொலரில் முடித்த படம். அதே வாரம் தியேட்டருக்கு வந்த "பசிபிக் ரிம்" என்ற ராட்சதப் படத்துக்கு 18 கோடி டொலருக்கு மேல் செலவு. ஷார்க்நேடோவை முதல் தடவை பார்த்தவர்களைவிட மறு ஒளிபரப்பில் பார்த்தவர்கள் அதிகம். பார்த்தவர்கள் படம் ஓடும்போதே போனிலும் கொம்பியூட்டரிலும் ஒருவருக்கொருவர் கேலி எழுதிக்கொண்டார்களாம். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வந்தார்கள். 2018 வரை ஆறு படம் எடுத்துவிட்டார்கள். அவர்கள் போனில் செய்ததை நாங்கள் இஸ்தோப்பில் வாயால் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் படம் போட்டால் பக்கத்துக் காம்பரா ஆட்களும் வந்துவிடுவார்கள். இடம் பத்தாமல் பாதிப் பேர் இஸ்தோப்பில் நின்று கதவு வழியாகப் பார்ப்பார்கள். முதலில் வறுத்த கடலையை வைத்துப் பந்தயம். யார் முதலில் சாவார், யார் கடைசி வரை இருப்பார். இதில் நான் தோற்றதே இல்லை. தனியாகக் குளிக்கப் போகிறவன் முதலில் போவான். பணத்தாசை பிடித்த கம்பனிக்காரர் கடைசிக்கு முந்தி போவார், கொஞ்சம் மெதுவாகவே போவார். அவர் வாய்க்குள் போகும்போது எங்கள் வீட்டில் எழும் சத்தம் பீலிக்கரை வரை கேட்கும். ஒரு தடவை முதலை வாயில் போனவரின் தொப்பியும் அரைக் காற்சட்டையும் பழைய துரை ஒருவரை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்தன. ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா ஒருவர் எழுந்து நின்று சலாம் போட்டார். அன்றைக்கு மிச்சப் படத்தை யாரும் பார்க்கவில்லை. சிரித்தே முடிந்துவிட்டது.

இரவு எட்டு மணிக்கு இதே டி.வி. முன்னால்தான் மெகா தொடர் பார்க்கிறோம். அங்கேயும் ராட்சசிகள் உண்டு, வால் மட்டும் கிடையாது. மாமியார் பாலில் விசம் கலக்கிறாள், மருமகள் அழுகிறாள், கூடவே நாமும் அழுகிறோம். மறுநாள் மலையில் நிரை பிடிக்கும்போதும் அதே பேச்சு, அதே பெருமூச்சு. பாம்புப் படம் பார்த்த மறுநாள் பெருமூச்சு விட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்காத ஓர் இடம் இந்தப் படங்களில் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. எல்லாப் படத்திலும் முதல் அரை மணித்தியாலத்துக்குள் ஒருவர் வந்து எச்சரிப்பார். பெரும்பாலும் ஒரு படித்த பெண். "தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது. எல்லோரையும் வெளியேற்றுங்கள்" என்பாள். மேலே இருப்பவர், "திருவிழா வருகிறது, வியாபாரம் கெட்டுப்போகும், போய் வேலையைப் பாருங்கள்" என்பார். 1975இல் வந்த "ஜோஸ்" என்ற சுறாப் படத்திலிருந்து இது மாறவில்லை. அந்தக் கட்டம் வரும்போது எங்கள் இஸ்தோப்பு அமைதியாகிவிடும்.

கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததாகப் பிறகு செய்திகளில் வந்தது. மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். போவதற்கு இடம் வேண்டாமா? மலைக்கு முகம் கிடையாது. வாயைப் பிளந்துகொண்டு அது வருவதில்லை. சுவரில் ஒரு வெடிப்பு, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கல், சாய்ந்து நிற்கும் ஒரு மரம், இவ்வளவுதான் அதன் அடையாளம். குளவியும் அப்படித்தான். கொழுந்து எடுக்கும் கை கூட்டில் படும் வரைக்கும் தெரியாது. கொழுந்து மலையில் நம்மைக் கடிப்பது நாற்பதடி அனகொண்டா அல்ல, செத்தைக்குள் கிடக்கும் ஒரு முழ நீளச் சின்ன விரியன். (கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். இதை எத்தனை தடவை எழுதினாலும் கூடாது என்று சொல்ல மாட்டீர்கள்.) இவற்றுக்கெல்லாம் பயந்து பழகியவர்களுக்கு, நிழல்கூட இல்லாத ஒரு பாம்பு ஒன்றரை மணித்தியாலம் ஆட்டம் காட்டிவிட்டுக் கடைசியில் செத்துப்போவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம்.

இனி ஹாலிஎலச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் பார்க்கலாமா?

இதில் என் மேல் ஒரு குற்றம் இருக்கிறது. பல வருடங்கள் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அந்தத் தைரியத்தில் என் பேரனை ஐந்து வயதில் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பாம்புப் படம் பார்த்தேன். நான் சிரித்தேன், அவனும் சிரித்தான். சரி, பயமில்லை என்று விட்டுவிட்டேன். அவன் சிரித்தது படத்தைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. அன்றிரவிலிருந்து கக்கூசுக்குப் போக மாட்டேன் என்றான். எங்கள் கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. மூன்று கிழமை பாயை நனைத்தான். மழைக்காலம், பாய் காயவில்லை. மருமகள் சத்தம் போடவில்லை. "அத்தை, நீங்க எத்தன புள்ளைகள வளத்தவங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பாம்பு இல்லடா, சும்மாடா" என்று நூறு தடவை சொன்னேன். பிள்ளைக்கு அது போதாது. அப்போதுதான் காமன் கூத்து ஞாபகம் வந்தது. என் சின்ன வயதில் மாசி மாதக் கூத்தில் எமன் வருவார். முகத்தில் கரி, கையில் கயிறு, தப்புச் சத்தம் காதைக் கிழிக்கும். நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வேன். ஒரு வருடம் தண்ணீர் குடிக்கக் கோயில் பின்பக்கம் போனபோது, எமன் கல்லில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் லயத்து மாமாதான்! "என்னா புள்ள, சீனி இருக்கா ஒங்கிட்ட?" என்று கேட்டார். அடுத்த வருடமும் எமன் வரும்போது கத்தினேன். ஆனால் அது வேறு கத்தல், முன் வரிசையில் உட்கார்ந்து கத்திய கத்தல்.

பேரனுக்கும் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல பகலில், முற்றத்தில், மகனின் போனில் அதே படத்தை வைத்து நிறுத்தி நிறுத்திக் காட்டினோம். மூன்றாவது தடவை நிறுத்தும்போது அவனே பிடித்துவிட்டான். "அப்பாயி, அந்த மாமாவுக்கு நெழல் இருக்கு, பாம்புக்கு இல்ல!" அதன் பிறகு கேள்வி மேல் கேள்வி. மகன் தேடித் தேடிச் சொன்னான். 1933இல் வந்த "கிங் கொங்" குரங்கு உயர்ந்த கட்டிடத்தில் ஏறும், ஆனால் அந்தப் பொம்மை ஒன்றரை அடி உயரம்தான். முயல் தோலைப் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் அசைத்து, ஒவ்வொரு அசைவையும் படம் பிடித்தார்கள். விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் நெளிவதைப் படத்திலும் பார்க்கலாம். 1954இல் ஜப்பானில் எடுத்த "கொட்சில்லா", பாரமான ரப்பர் உடுப்புக்குள் நின்ற ஒரு மனிதர். சின்னச் சின்ன மாதிரி வீடுகளை மிதித்து நகரத்தை அழித்தார். அதன் உறுமல், பெரிய பாஸ் வயலினின் தந்தியில் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்த சத்தம். "ஜோஸ்" படத்து மெசின் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப்போனதால்தான், படத்தில் பாதி நேரம் சுறாவையே காட்டாமல் எடுத்தார்கள். அதனாலேயே அந்தப் படம் பயங்கரமாக வந்துவிட்டது என்பது வேறு கதை.

உறுமலை நாங்களும் செய்து பார்த்தோம். நீங்களும் வீட்டில் செய்யலாம், செலவில்லை. வெறும் யோகட் கப் ஒன்றின் அடியில் ஊசியால் துளை போட்டு, ஒரு முழம் தடித்த நூலைக் கோர்த்து, உள்பக்கம் நழுவாமல் ஈர்க்குத் துண்டில் முடிச்சுப் போடுங்கள். கப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியால் நூலை இறுக்கிப் பிடித்து விட்டு விட்டு இழுங்கள். சிறிய கப்பில் கோழி கத்தும். பெரிய டின்னில் கட்டினால் ஏதோ ஒன்று உறுமும். பேரன் பால்மா டின்னில் கட்டினான். இரண்டு நாளில் லயத்தில் எட்டு டின் உறுமியது. மருமகள் என்னோடு பேச ஆரம்பித்ததே, "அத்தை, அந்த டின்ன எங்கயாவது ஒளிச்சு வைங்க" என்று சொல்லத்தான். பாயும் காய்ந்தது.

அதனால் என் பதில் இது, சகோதரி. ஐந்து ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை நான் இனி உட்கார வைக்க மாட்டேன். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பகலில், பெரியவர்களோடு பார்க்கட்டும். பிள்ளை சிரிக்கிறதா, நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று கவனியுங்கள். இதற்கு மேல் கண்டிக்க என்னால் முடியாது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மழை வந்தது உங்களுக்குத் தெரியும். பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்து, எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. எங்களையும் வெளியேறச் சொன்னார்கள். எங்கள் லயத்தில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் துணி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். கரண்ட் இல்லை. போனில் இருந்த கொஞ்சச் சார்ஜை அவசரத்துக்கு வைத்துக்கொண்டோம். தகரத்தில் மழை. இடையில் எங்கேயோ தூரத்தில் ஒரு சத்தம் கேட்கும். இடியா, மலையா என்று தெரியாது. பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். பெரியவர்கள் அமைதியாவதைப் பார்த்துப் பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும்.

ஏழு வயதான என் பேரன் பாயில் எழுந்து உட்கார்ந்து, "நான் படம் சொல்றேன்" என்றான். சொன்னது ஷார்க்நேடோ. எனக்கு நெஞ்சு பக்கென்றது. வெளியே உண்மையான புயல் அடிக்கிறது, இவன் புயல் படம் சொல்கிறானே! தடுக்க வாயெடுத்தேன். மருமகள் என் கையைப் பிடித்து, "விடுங்க அத்தை" என்றாள். அவன் கதையில் லொஸ் ஏஞ்சல்ஸ் இல்லை. சுறாக்கள் திருகோணமலையிலிருந்து கிளம்பின. ஒன்று துன்ஹிந்தவில் விழுந்து, தண்ணீரோடு மேலே ஏறி, முத்தியங்கணை விகாரைப் பக்கம் திரும்பியது. ஒன்று பதுளை ரயில் ஸ்டேசனில் டிக்கட் இல்லாமல் மாட்டிக்கொண்டது. எங்கள் தோட்டத்துச் செயின்சோக்கார அண்ணன்தான் கதாநாயகன். அந்த அண்ணன் மண்டபத்து வாசலில், நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, மரம் விழுந்த பாதையை வெட்டிவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். தன் பெயர் கேட்டதும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அம்மாவின் மடியிலிருந்து, "அண்ணே, சுறா இங்க வருமா?" என்று கேட்டது.

"எப்புடி வரும்?" என்றான் பேரன். "ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்கு. பஸ்ஸே வரல."

அந்த இருட்டில் முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது, அழுதுகொண்டிருந்தவர்களும் சேர்ந்து. அன்றைக்கு அவன் கதையில் சுறா சீக்கிரம் சாகவில்லை. முடிக்கப் போகும்போதெல்லாம் யாராவது, "அப்புறம்?" என்று கேட்டார்கள். முதலில் பிள்ளைகள் கேட்டார்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் கேட்டார்கள். விடியக் காலம் மழை கொஞ்சம் விட்டபோது சுறா ஹப்புத்தளையைத் தாண்டியிருந்தது.